கொன்சாகா என்ற பெயர் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?

தாழைக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பெரியதாழை, வேலைக்காக இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஒரு பெயரைப் பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா பெயர் அலோசியஸ் கொன்சாகா. ஊரில் யாருக்கும் அது வாய்க்கு வராது. கூட வள்ளத்தில் போனவர்கள் முதல் கரையில் மீன் ஏலம் விடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் "கொஞ்சாவு"தான். 1993-இல் அப்பா மஸ்கட் வேலைக்குப் பாஸ்போர்ட் எடுத்தார். குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தாத்தாவின் கொன்சாகாவை எழுதிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து எனக்கும் தங்கைக்கும் பள்ளிச் சான்றிதழ், பான் கார்டு எல்லாவற்றிலும் கொன்சாகா. எங்கள் தெருவில் பர்னாந்து உண்டு, ரோச் உண்டு, மச்சாது, கோமஸ் எல்லாம் உண்டு. கொன்சாகா எங்கள் ஒரு வீடு மட்டும்தான்.

விஷயம் இதுதான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் என் பெயரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். இது இத்தாலி ராஜ குடும்பத்துப் பெயராம், எங்கள் முன்னோர் ஒருவர் கப்பலில் வந்து இந்தக் கரையில் தங்கியிருக்க வேண்டுமாம், வம்சாவளியைத் தேடி எடுத்துவிட்டால் இத்தாலியக் குடியுரிமையே கிடைக்குமாம். முன்பணம் 40,000 ரூபாய். அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். ராஜ குடும்பம் என்பது பொய்யில்லை, நானே தேடிப் பார்த்தேன், மாந்துவா என்ற ஊரை ஆண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே ஆண்டவர்கள் பெயர் பெரியதாழைக்கு எப்படி வந்தது? யாராவது இத்தாலிக்காரர் உண்மையிலேயே எங்கள் முன்னோராக இருந்திருப்பாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு:

தம்பி, முதல் வேலையாகச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பங்குக் கோயில்களில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படித்துப் பெயர்த்தெழுதும் வேலையில் பல வருடம் உபதேசியார்களுக்கு உதவியிருக்கிறேன். உங்கள் தாத்தாவின் பெயரை இரண்டாகப் பிரித்து அலோசியஸ் என்பது பெயர், கொன்சாகா என்பது குடும்பப் பெயர் என்று நீங்களும் அந்த ஏஜென்ட்டும் நினைக்கிறீர்கள். அது அப்படியில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே புனிதரின் பெயர். நம் முன்னோர் வைத்த தமிழ்ப் பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரிந்துவிடும்: ஞானப்பிரகாசியார். ஜூன் 21 அவருடைய திருநாள்.

சவேரியார், இஞ்ஞாசியார், சூசையப்பர், இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று நம்மவர்கள் புனிதர்களைத் தமிழாக்கி வைத்துக்கொண்டதுபோலத்தான் இதுவும். இத்தாலி மொழியில் லூயீஜி, லத்தீனில் அலோசியஸ், போர்த்துக்கீசியத்தில் லூயிஸ். ஒரே வீட்டில் லூயிஸ், அலோசியஸ், ஞானப்பிரகாசம் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்து, மூவருக்கும் ஒரே பெயர் என்பது அந்த வீட்டுக்கே தெரியாமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தெருவில் இருக்கிற பர்னாந்து, மச்சாது எல்லாம் வேறு கதை. 1535-லிருந்து இரண்டு மூன்று வருடங்களில் முத்துக்குளித்துறை, அதாவது நம் கடற்கரை ஊர்கள் முழுக்க ஞானஸ்நானம் பெற்றபோது வந்த போர்த்துக்கீசியப் பெயர்கள் அவை. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தவை. கொன்சாகா அந்த வரிசையில் சேராது.

தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று விஷயம் எனக்கு வேண்டும்: பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, தாத்தாவுடைய தகப்பனாரின் முழுப்பெயர். அப்புறம் எழுத்தையும் உற்றுப் பாருங்கள். கொன்சால்வெஸ் என்று ஒரு போர்த்துக்கீசியப் பெயர் உண்டு, கொன்சாலோ மகன் என்று பொருள். மை மங்கிய பதிவேட்டில் இரண்டையும் மாற்றிப் படித்துவிடுவார்கள்.

போ ஆற்றங்கரை:

நான் இத்தாலியில் மொதேனாவில் வேலை பார்க்கிறேன், ஊர் ராதாபுரம் பக்கம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் வெரோனாவுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் இந்தப் பெயரைத் தாண்டித்தான் போகிறேன். கொன்சாகா-ரெஜ்ஜோலோ என்று ஸ்டேஷன் பெயர்ப்பலகை. நீலப் பலகை, வெள்ளை எழுத்து, பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சோளமும் புல்லும். கொன்சாகா என்பது முதலில் ஒரு ஊர். மாந்துவாவுக்குத் தெற்கே, போ ஆற்றைத் தாண்டி இருக்கிற சமவெளி ஊர்.

அந்த ராஜ குடும்பத்தின் பழைய பெயர் கொர்ராதி. கொன்சாகாவிலிருந்து வந்த கொர்ராதிகள் என்று மாந்துவாவில் சொல்லிச் சொல்லி, கொர்ராதி தேய்ந்து ஊர்ப்பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் பக்கமும் அப்படித்தானே? அம்பாசமுத்திரத்திலேயே இருக்கிறவரை யாரும் அம்பாசமுத்திரத்தார் என்று சொல்ல மாட்டார்கள், அவர் பாளையில் வந்து கடை போட்டால்தான் அந்தப் பெயர் வரும். இத்தாலியில் ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் என்றைக்கோ அந்த ஊரை விட்டுக் கிளம்பியவர்களின் பிள்ளைகள்.

1328 ஆகஸ்டில் லூயீஜி கொன்சாகா என்பவர் அதுவரை மாந்துவாவை ஆண்ட பொனகொல்சி குடும்பத்தை விரட்டிவிட்டு ஆட்சியைப் பிடித்தார். 1433-இல் மார்க்கிஸ் பட்டம், 1530-இல் டியூக் பட்டம், 1708 வரை அந்தப் பெயர்தான் அங்கே ஆண்டது. நடுவில் 1627-இல் மூத்த கிளை வாரிசில்லாமல் முடிந்து, பிரான்சில் நெவேர் என்ற இடத்தில் இருந்த கிளை வந்து உட்கார்ந்தது. அந்த வாரிசுச் சண்டையில் 1630-இல் மாந்துவா நகரமே சூறையாடப்பட்டது. குவஸ்தால்லா, சப்பியொனேத்தா, நொவெல்லாரா, கஸ்திலியோனே என்று சின்னச் சின்ன ஊர்களிலும் இளைய கிளைகள் ஆண்டன. அதில் கஸ்திலியோனே கிளைதான் உங்களுக்கு வேண்டியது. ஞானப்பிரகாசியார் அங்கே 1568 மார்ச் 9 அன்று அந்த வீட்டு மூத்த மகனாகப் பிறந்தார். 1585-இல் பட்டத்துக்கான உரிமையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். ரோமாபுரியில் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, அதே நோய் தொற்றி, 1591 ஜூன் 21 அன்று இறந்தார். வயது 23.

ஆக, உலகம் முழுக்க இந்தப் பெயர் பரவக் காரணமானவருக்குப் பிள்ளையே கிடையாது. உங்கள் ஏஜென்ட்டிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கரிசல்காடு:

நான் காமநாயக்கன்பட்டிக்காரன். ஞானப்பிரகாசியார் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இத்தாலித் தொடர்பே இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. எங்கள் ஊரில் இருந்து பணி செய்த வீரமாமுனிவர் எந்த ஊர்க்காரர் என்று நினைக்கிறீர்கள்? அதே கஸ்திலியோனேதான், 1680 நவம்பர் 8 அன்று பிறந்தார். ஞானப்பிரகாசியார் பிறந்து 112 வருடம் கழித்து அதே ஊரில் பிறந்து, அதே இயேசு சபையில் சேர்ந்து, நம் கரிசல் மண்ணுக்கு வந்திருக்கிறார். 1986-இல் மாவட்டத்தைப் பிரிக்கிற வரைக்கும் எங்கள் ஊரும் திருநெல்வேலி மாவட்டம்தான். பரலோக மாதா கோயிலுக்கு வருகிறவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

இத்தாலிக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தது ஒன்றும் கற்பனை இல்லை. சவேரியாருக்கு அப்புறம் முத்துக்குளித்துறைப் பொறுப்பில் இருந்த அந்தோனியோ கிரிமினாலி பார்மா பக்கத்துக்காரர், 1549-இல் வேதாளையில் கொல்லப்பட்டார். அப்படி வந்தவர்களில் யாரோ ஒருவர் வழியாகப் பெயர் வந்திருக்கலாமே?

பழைய ஏடு:

கரிசல்காடு ஐயா, நீங்கள் சொன்ன இரண்டு பேருமே துறவிகள். அவர்கள் வழியாக இரத்தம் வராது, பக்தி வரும். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

வீரமாமுனிவரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குடும்பப் பெயர் பெஸ்கி. ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு நிறையப் பேர் பெஷ்சி என்று படிக்கிறார்கள். இத்தாலி மொழியில் அதில் வரும் ch என்ற எழுத்துச் சேர்க்கைக்குக் ககர ஒலிதான், பெஸ்கி என்று நம் பழைய புத்தகங்களில் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரில் இங்கே ஒரு குடும்பம்கூட எனக்குத் தெரிந்து இல்லை. அவருடைய முதல் பெயர் கொஸ்தான்சோ, உறுதி என்ற பொருள் உள்ளது. அதைத் தைரியநாதர் என்று தமிழாக்கினார்கள். தைரியநாதன் என்று நம் ஊர்களில் எத்தனை பேர்! பொருள் உள்ள பெயர் தமிழாகிவிட்டது, குடும்பப் பெயர் அவரோடு நின்றுவிட்டது. ஞானப்பிரகாசியாருக்கு மட்டும் பூசைப் புத்தகத்தில், நாள்காட்டியில், சாமியார் பிரசங்கத்தில் எல்லாம் அலோசியஸ் கொன்சாகா என்றே இரண்டையும் சேர்த்துச் சொன்னதால் குடும்பப் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது.

தாழைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் தகரப் பெட்டியில் சான்றிதழ் கிடைத்தது. அது போதாது என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டு அசல் பதிவேட்டையே பார்த்துவிட்டேன். கோயில்பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தார். நீளமான கணக்குப் புத்தகம், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, மை பழுப்பாகிவிட்டது, எழுத்து மட்டும் அழகாக இருக்கிறது. எல்லாம் லத்தீன்.

பிறந்தது 1938 ஜூன் 19. ஞானஸ்நானம் ஜூன் 21.

பெயர் இருக்கிற இடத்தில் அலோய்சியுஸ் கொன்சாகா. கொன்சால்வெஸ் இல்லை, ஒவ்வொரு எழுத்தாகச் சாமியாரும் நானும் படித்தோம். தகப்பன் பெயர் சூசை பர்னாந்து. ஞானத்தகப்பன் மச்சாது என்று முடிகிற ஒருவர்.

அந்தப் பர்னாந்துவைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். தாத்தாவின் தம்பி வீரபாண்டியன்பட்டினத்தில் இருக்கிறார், அந்தக் குடும்பம் முழுக்கப் பர்னாந்து என்றுதான் எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கு ஏன் வேறு வேறு பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பழைய ஏடு:

தம்பி, தேதியே பதில் சொல்லிவிட்டது. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஞானப்பிரகாசியார் திருநாள். அன்றைக்கு யாருடைய திருநாளோ அந்தப் பெயரை வைத்து எழுதியிருக்கிறார்கள். பர்னாந்து என்பது எல்லோருக்கும் தெரிந்த குடும்பப் பெயர் என்பதால் பிள்ளையின் பெயரோடு திரும்ப எழுதவில்லை, தகப்பன் பெயர்க் கட்டத்தில் மட்டும் இருக்கிறது. அந்தக் காலப் பதிவேடு பலதிலும் இதே கதைதான்.

உவரி மாலுமி:

நானும் ஒன்று சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த கப்பலில் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர், குடும்பப் பெயர் கொன்சாகா. இத்தாலியா என்று கேட்டேன். இல்லை, எங்கள் ஊரில் இது சாதாரணப் பெயர் என்றார். வடக்கே ககயான் மாகாணத்தில் கொன்சாகா என்று ஓர் ஊரே இருக்கிறதாம். அவர் சொல்லித்தான் தெரியும், 1849-இல் கிளாவெரியா என்ற ஸ்பானிய கவர்னர் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். பெயர்களை அகரவரிசையில் புத்தகமாக அச்சடித்து, பக்கம் பக்கமாகப் பிரித்து ஊர்களுக்கு அனுப்பினார்களாம். அதனால்தான் சில ஊர்களில் இன்றைக்கும் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே எழுத்தில் குடும்பப் பெயர் தொடங்குகிறது. அங்கே குடும்பப் பெயரைப் பார்த்து இரத்தம் சொல்ல முடியாது.

வண்ணார்பேட்டை வாசகன்:

உவரி அண்ணாச்சி பிலிப்பைன்ஸைச் சொன்னார், நான் பிரேசிலைச் சொல்கிறேன். கொன்சாகா என்ற பெயர் இன்றைக்கு இத்தாலியைவிட இந்த இரண்டு நாடுகளில்தான் அதிகம்.

பிரேசிலின் வடகிழக்கில் லூயிஸ் கொன்சாகா என்று பெரிய அக்கார்டியன் கலைஞர் இருந்தார், பையோன் இசைக்கு ராஜா என்பார்கள். 1912 டிசம்பர் 13 அன்று பெர்னம்புகோ மாநிலத்தில் எஷூ என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா பெயர் ஜனுவாரியோ, குடும்பப் பெயர் தோஸ் சந்தோஸ். பிள்ளைக்கு அதில் எதையும் வைக்கவில்லை. டிசம்பர் 13 புனித லூசியா நாள், அதனால் லூயிஸ். லூயிஸ் என்றால் கூடவே கொன்சாகாவும் இருக்கட்டும் என்று ஊர்ச் சாமியார் சேர்த்தார். டிசம்பர் இயேசு பிறந்த மாதம், அதனால் பிறப்பு என்று பொருள்படும் நாசிமெந்தோ. முழுப்பெயரும் நாள்காட்டியிலிருந்து எடுத்தது. அப்புறம் அவருடைய மகனும் பாடகர் ஆனார், அவரை நாடே கொன்சாகின்யா என்று கூப்பிட்டது, அதாவது சின்ன கொன்சாகா. சாமியார் சொல்லி வைத்த பெயர் ஒரே தலைமுறையில் அப்பன் பெயராகிவிட்டது.

தாழைக்காற்று தம்பி, உங்கள் அப்பா 1993-இல் பாஸ்போர்ட் கட்டத்தில் எழுதியதும் இதுதான். நம் பக்கம் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வளைகுடாவில் தொல்லை என்று நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ ஊரையோ எழுதினார்கள். என் மாமா பையன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் சுடலைமுத்து, அது அவன் தாத்தா பெயர். இன்னும் நூறு வருடம் கழித்து யாராவது வந்து சுடலைமுத்து வம்சம் எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள்.

போ ஆற்றங்கரை:

குடியுரிமை விஷயத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இங்கே தினமும் பேசப்படுகிற விஷயம் இது. பெயரை வைத்து இத்தாலி யாருக்கும் குடியுரிமை கொடுப்பதில்லை. முன்னோர் இத்தாலியக் குடிமகன் என்று காட்டி, அவரிலிருந்து உங்கள் வரைக்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். அதையும் 2025 மார்ச்சில் கொண்டுவந்த அவசரச் சட்டத்தில் இறுக்கிவிட்டார்கள், மே மாதம் அது முழுச் சட்டமாகிவிட்டது. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாகப் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி அளவோடு சரி. உங்கள் தாத்தா பெரியதாழையில் பிறந்தவர். அங்கேயே முடிந்தது.

இங்கே உண்மையிலேயே கொன்சாகா முன்னோர் உள்ளவர்கள் தேடுவதற்கும் யாருக்கும் 40,000 கொடுக்க வேண்டாம். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் கோயில்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 1563-இல் முடிந்த திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை விதித்தது. அரசுப் பதிவுகள் நெப்போலியன் காலத்தில் தொடங்கின. நாடு ஒன்றான பிறகு 1866-லிருந்து பொதுவாக வந்தன. அரசு ஆவணக் காப்பகங்களே அந்தேநாத்தி என்ற இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இலவசம்.

தாழைக்காற்று:

அம்மாவுக்கு இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டில் பெயரோடு கொன்சாகாவைச் சேர்க்கலாமா, பழையபடி பர்னாந்து ஆகிவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. சின்னத் தாத்தாவிடம் போனில் கேட்டேன். அவருக்கு வயது 84. "எங்கய்யா ஒரு நாளைக்காவது கொன்சாகான்னு சொல்லியிருப்பாருன்னு நினைக்கியா? ஞானப்பிரகாசம்னுதான் கூப்பிடுவாரு" என்றார். தாத்தாவை வீட்டில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்பது அப்பாவுக்கே தெரியாது.

பழைய ஏடு:

என்ன பெயர் வைத்தாலும் பதிவேட்டில் தகப்பன் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அந்த 1938 பக்கத்தை, பங்குச் சாமியார் அனுமதித்தால், நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பூச்சி அரித்த ஓரம் அடுத்த மழைக்காலம் வரை தாங்காது.